வெண்ணியில் என்ன இருக்கிறது? (கடிதம்)

வணக்கம் ஐயா,

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஓசூரிலிருந்து தஞ்சாவூர் வந்தோம். அரண்மனையும் கலைக்கூடமும் பார்த்தோம். மறுநாள், சேர பாண்டியரையும் வேளிர் என்ற குறுநில மன்னர் பதினொருவரையும் கரிகாலன் வென்ற வெண்ணிக் களத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று கோவில்வெண்ணி போனோம். ஒரு கோயில், சுற்றிலும் வயல், ஆட்டுக்கிடை. போர்க்களம் என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. "இதுக்காப்பா வந்தோம்?" என்றாள் மகள். ஒரு நினைவுத்தூண் வைக்கக்கூடாதா? கரிகாலன் காலத்தையும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவதில் பயன் உண்டா?

(ஓசூரிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பி,

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தீர்களே, அதனாலேயே உங்களைப் பிடித்துப்போயிற்று. திட்டவும் தோன்றுகிறது.

காலச் சண்டையை விடுங்கள், அது ஆராய்ச்சிக்காரர்கள் பாடு. தூணும் வேண்டாம். வைத்தால் திறந்துவைத்தவர் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும்.

பறந்தலை என்றால் பாழ்வெளி, போர்க்களம். பாட்டில் வருவது வெண்ணிப் பறந்தலை. அங்கே கிடை போட்டிருந்தால், அடுத்த நெல்லுக்கு வயலில் எரு சேர்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அதை விடுங்கள், ஜெயித்தவன் பெயரை மகளிடம் சொன்னீர்கள், தோற்றவனைச் சொன்னீர்களா?

புறநானூறு 66. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, ஊரும் குலமும்தான் பெயர். எதிரில் கரிகாலன். காற்றை ஏவல்கொண்டு கடலில் கலம் ஓட்டியவன் வழிவந்தவனே, யானைப்படைக் கரிகாலா, போரில் வென்றாய், உன் ஆற்றல் தெரிந்தது என்று பாடிக்கொண்டே வந்து, சட்டென்று கேட்கிறார்: 'நின்னினும் நல்லன் அன்றே', உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா? யார்? முதுகில் புண் பட்டதற்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து உயிரை விட்ட சேரலாதன்.

ஜெயித்த ராஜாவிடம், அவன் ஜெயித்த ஊர்க்காரி சொல்கிறார். அந்த 'நல்லன்' இருக்கிறதே, அதில்தான் நான் பல வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். 'வல்லன்' என்று போட்டிருந்தாலும் ஓசை கெடாது. போடவில்லை. வல்லமைக்கு உண்டான மார்க்கை முழுசாகக் கரிகாலனுக்கே கொடுத்தாயிற்று. மிச்சமிருந்த ஒரு சொல்லைத் தோற்றவனுக்கு எடுத்துவைத்திருக்கிறார். நான்கு வரி வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துவிட்டு, தூண் கேட்கிறீர்கள்!

அந்தக் கோயில் கரும்பேஸ்வரர் கோயில். சர்க்கரை நோய்க்காரர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புக்குப் போடுவார்கள். என் அப்பாவுக்கும் சர்க்கரை. வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு பதினோரு வருஷம் வழக்கு நடத்தினார். தீர்ப்பு சித்தப்பா பக்கம். கோர்ட்டிலிருந்து திரும்பும்போது, என்னையும் இழுத்துக்கொண்டு கோவில்வெண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எறும்புகள் சர்க்கரையை முதலில் தூக்கின, ரவைக்கு அப்புறம்தான் வந்தன. இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அவன் ரெண்டு பொண்ணை வச்சிருக்கான், இருக்கட்டும்" என்றார். அடுத்த தை மாதம் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர் அவர்தான். ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

ஏதோ கேட்டிருந்தீர்கள், பயன் உண்டா என்று. அரண்மனையில் அந்தத் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்தார்களா? பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும், நிற்கட்டும்.

அடுத்த முறை தையில் வாருங்கள், அறுப்புக்கு முன்னால். மகளுக்குப் பாட்டை நான் சொல்கிறேன். நீங்கள் ரவை மட்டும் வாங்கி வாருங்கள். சர்க்கரை என் பொறுப்பு. எனக்கும் வந்துவிட்டது.