அம்மாவிடம் ஓடி வந்து அம்மாவையே அடிக்கும் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு விரைவில் மூன்று வயது நிறைகிறது. நான் வேலைக்குச் செல்வதால், கைக்குழந்தையிலிருந்தே என் மாமியார்தான் அவனை வீட்டில் வைத்து வளர்க்கிறார். வெளியார் வந்தால் மாமியாரின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறான். அழுவான் என்று பயந்து, காலையில் அவன் பார்க்காத நேரத்தில் கிளம்பிவிடுகிறேன். மாலையில் ஓடி வருகிறான், தூக்கினாலோ அடிக்கிறான். இது பாசப்பிணைப்புக் குறைபாடு என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை. மருத்துவத்தில் அந்தப் பெயர், கடுமையான புறக்கணிப்புக்கு ஆளான அல்லது வளர்ப்பவர்கள் அடிக்கடி மாறிக்கொண்டேயிருந்த குழந்தைகளிடம் காணப்படும் அரிய நிலைக்கு உரியது. உங்கள் மகனுக்கோ தொடக்கத்திலிருந்தே ஒரே பாட்டி இருக்கிறார். அச்சம் வந்ததும் அவரிடம் ஒதுங்குவதே பிணைப்பு உறுதியாக இருப்பதற்கு அடையாளம். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்குத் தாயிடமோ, தாயின் இடத்தில் நிலையாக இருப்பவரிடமோ அன்பான, தொடர்ச்சியான உறவு வேண்டும் என்றுதான் சொன்னார். ஆகவே வேலைக்குப் போவதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

நான் கவலைப்படுவது, நீங்கள் சொல்லாமல் கிளம்புவதைப் பற்றித்தான். தாய் சிறிது நேரம் அறையை விட்டுப் போய்த் திரும்பும் ஒரு சோதனையின் மூலம் ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த், தாய் வெளியே போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பியதும் எப்படி நடந்துகொள்கிறது என்பதையே முக்கியமாகக் கவனித்தார். தாயை நாடிக்கொண்டே அவரை எதிர்க்கவும் செய்த குழந்தைகள் சிலர் இருந்தனர். தாய் எப்போது கிடைப்பார் என்று அவர்களால் கணிக்க முடியாமலிருந்ததே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். அந்தச் சோதனையின் முடிவை மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்றாலும், அம்மா எந்த நொடியும் மறைந்துவிடக்கூடும் என்று அஞ்சும் பிள்ளை கோபப்படுவதில் வியப்பில்லை. எனவே அவன் அழுதாலும் சொல்லிவிட்டே புறப்படுங்கள். தினமும் அதே சொற்களில், சுருக்கமாக, “சாயங்காலம் நீ பால் குடிக்கிறப்ப அம்மா வந்துடுவேன்” என்று சொல்லுங்கள். திரும்பியதும் கைப்பேசியையும் சமையலையும் தள்ளிவைத்து அவனருகே தரையில் உட்காருங்கள். அடிக்க ஓங்கும் கையை மென்மையாகப் பிடித்து, “அம்மா இல்லைன்னு கோபமா?” என்று கேளுங்கள். சில வாரங்களாவது பொறுமை வேண்டும்.

தள்ளிவிடுவது இந்த வயதில் பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். ஒரே ஒரு குழந்தையை அழைத்து, ஒரே மாதிரியான இரண்டு பொம்மைகளைக் கொடுத்து, பாட்டியின் கண்ணெதிரே விளையாட விடுங்கள். அங்கன்வாடியில் சேர்த்தால் முதல் சில நாட்கள் பாட்டி கூடவே இருக்க அனுமதி கேளுங்கள்.

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, விரும்பியதைச் சுட்டிக் காட்டாமை, பாட்டியின் கண்களைக்கூடப் பார்க்காமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.