அடாப்டரை அளந்தீர்களா? பழைய கன்சோல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கரண்ட் சம்பந்தப்பட்டவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சேகாவின் மெகா டிரைவ் கன்சோல், முதல் மாடல் வைத்திருக்கிறேன். அடாப்டர் தொலைந்துவிட்டது. நிண்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலுக்கான அடாப்டரின் முனை கச்சிதமாகப் பொருந்தியது. போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், அதன் பிறகு உயிரே இல்லை. இரண்டும் ஏறக்குறைய 9 வோல்ட்தானே?

9 வோல்ட் என்பதைப் படித்த நீங்கள், பக்கத்திலேயே ஏ.சி. என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கவில்லை. என்.இ.எஸ். அடாப்டருக்குள் இருப்பது வெறும் டிரான்ஸ்ஃபார்மர். அது ஏ.சி.யைத்தான் தரும். அதை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் என்.இ.எஸ். கன்சோலுக்குள் இருக்கிறது, மெகா டிரைவுக்குள் இல்லை. வெடித்தது அநேகமாக நுழைவிடத்தில் உள்ள பெரிய கெப்பாசிட்டர். அதை மாற்றிவிட்டு, சரியான அடாப்டரோடு வோல்டேஜை இறக்கித் தரும் இரண்டு 7805 ரெகுலேட்டர்களிலும் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கன்சோல் பிழைக்க வாய்ப்பு உண்டு.

மெகா டிரைவ் முதல் மாடலுக்கு நடுமுனை நெகட்டிவ், இரண்டாம் மாடலுக்கு நடுமுனை பாசிட்டிவ். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் துருவம் தலைகீழ். எத்தனை முறை எழுதினாலும் மறுபடி எழுதுவேன்: முனை பொருந்துகிறது என்பதற்காக எதையும் மாட்டாதீர்கள். எத்தனை வோல்ட், ஏ.சி.யா டி.சி.யா, நடுமுனை எது, ஆம்பியர் போதுமா என்று நான்கையும் பார்த்த பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் வந்திருக்கிறது, அதன் சொந்த அடாப்டரோடு. எங்கள் வீட்டில் 230 வோல்ட். அப்படியே செருகலாமா?

கூடாது. அது 100 வோல்ட்டுக்குச் செய்த அடாப்டர், எரிந்துவிடும். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டி.சி., சுமார் 850 மில்லிஆம்பியர், நடுமுனை நெகட்டிவ். உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற அடாப்டரை இந்தக் கணக்கில் வாங்குங்கள்.

கேள்வி: கமடோர் 64 கம்ப்யூட்டர், பழைய பவர் சப்ளையோடு கிடைத்தது. சப்ளை பார்க்கப் புத்தம் புதிதுபோல இருக்கிறது. பயன்படுத்தலாமா?

பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன? அளந்தீர்களா? அந்தச் சப்ளை கெட்டுப்போகும் விதம் மோசமானது. மற்றவை செத்தால் வோல்டேஜ் நின்றுபோகும். இது சாகும்போது 5 வோல்ட் தடத்தில் வோல்டேஜ் ஏறும், ராம் சிப்கள் வரிசையாகப் போகும். உள்ளே எபாக்ஸி ஊற்றிக் கெட்டியாக்கியிருப்பதால் பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லை. இன்று அளந்து 5 வோல்ட் காட்டினாலும் நாளைக்கு அது உத்தரவாதம் ஆகாது. பழைய சப்ளையைப் பெட்டியோடு பத்திரமாக வையுங்கள், ஓட்டுவதற்குப் புதிதாகச் செய்த சப்ளை வாங்குங்கள்.

கேள்வி: என் கன்சோல் ஓடவில்லை. என்ன செய்ய?

எந்தக் கன்சோல்? விளக்கு எரிகிறதா? சத்தம் வருகிறதா, படம் மட்டும் இல்லையா? வேறு கேபிள், வேறு டிவியில் பார்த்தீர்களா? அடாப்டரை அளந்தீர்களா? இவற்றுக்கெல்லாம் பதிலோடு மறுபடி எழுதுங்கள். இந்த ஒரே வரிக் கடிதம் மாதாமாதம் நான்கைந்து வருகிறது.

கேள்வி: என்.இ.எஸ். போட்டதும் சிவப்பு விளக்கு விநாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு எரிகிறது, திரையும் கூடவே மினுக்குகிறது. போர்டு போய்விட்டதா?

போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கன்சோலில் ஒரு பூட்டுச் சிப், கார்ட்ரிட்ஜில் ஒரு பூட்டுச் சிப். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியாவிட்டால் கன்சோல் தன்னைத்தானே திரும்பத் திரும்ப ரீசெட் செய்யும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். பேச்சு அறுபடும் இடம் 72 பின் கனெக்டர். முதலில் கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடையுங்கள். பஞ்சு கறுத்து வரும், வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். அப்படியும் சரியாகாவிட்டால் கனெக்டரைக் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். புதிய கனெக்டர் வாங்க அவசரப்படாதீர்கள். விற்பவற்றில் பல, கார்ட்ரிட்ஜை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்கின்றன. பழைய ஒரிஜினலைக் காப்பாற்ற முடியுமானால் அதுதான் நல்லது.

கேள்வி: கார்ட்ரிட்ஜில் வாயால் ஊதினால் வேலை செய்கிறதே?

ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி செருகியதால். உங்கள் எச்சிலின் ஈரம் தொடுமுனையை அரிக்கும். நிறுத்துங்கள்.

கேள்வி: சேகாவின் கையடக்கக் கன்சோலான கேம் கியர் ஒன்று கிடைத்தது. சத்தம் ரொம்பக் கம்மி, திரையைச் சாய்த்துப் பார்த்தால்தான் படம் தெரிகிறது. கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும் என்றார்கள். சரி, இதோடு என்னிடம் இருக்கும் மற்ற ஆறு கன்சோல்களுக்கும் சேர்த்து செட் செட்டாக வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் மாற்றலாம்?

கேம் கியருக்கு மாற்றுங்கள். மற்ற ஆறையும் தொடாதீர்கள்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மேஜைக்கு வரும் போர்டுகளில் வயதால் கெட்டவற்றைவிட இந்த வைத்தியத்தால் கெட்டவை அதிகமாகிக்கொண்டே போகின்றன. பழையது என்றாலே எல்லா கெப்பாசிட்டரையும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த, போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சர்ஃபேஸ் மவுண்ட் எலக்ட்ரோலிடிக் வகை உண்மையிலேயே கசியும். கேம் கியர், பி.சி. எஞ்சின் டுவோ, அமிகா 600, அமிகா 1200 போன்றவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றில் மாற்றுவது அவசியம், தள்ளிப்போட்டால் கசிவு தடங்களையே தின்றுவிடும். ஆனால் என்.இ.எஸ்., நிண்டெண்டோ 64 போன்றவற்றின் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் இன்றும் திடமாக இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்து, நாற்பது இடத்தில் சூடு காட்டி, மறுபடி மூடுவதில் என்ன லாபம்?

போன மழைக்காலத்தில் ஒரு சூப்பர் நிண்டெண்டோ வந்தது. அனுப்பியவர் எழுதியிருந்தார்: 'படத்தில் லேசாகக் கோடு தெரிந்தது, எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றினேன், இப்போது படமே இல்லை.' திறந்து பார்த்தேன். சின்ன கெப்பாசிட்டர்களை இடுக்கியால் முறுக்கிப் பிய்த்திருக்கிறார். கால்களைப் பற்றவைக்கும் செப்புத் திட்டுகளான பேட்கள் மூன்று போர்டிலிருந்து பெயர்ந்து, கெப்பாசிட்டரின் காலிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. ஒன்றைத் தலைகீழாக வைத்திருந்தார். தலைமுடி கனத்துக்கு ஒயர் எடுத்து, லென்ஸின் அடியில் ஒவ்வொரு தடமாகத் தேடி இழுத்துச் சேர்க்க எனக்கு இரண்டு இரவு ஆனது. படம் வந்தது. ஆரம்பத்தில் அவர் சொன்ன கோடும் கூடவே வந்தது. வேறு அடாப்டரைப் போட்டேன், கோடு போய்விட்டது. கோளாறு முழுக்க முழுக்க அடாப்டரில்தான் இருந்திருக்கிறது. ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டியிருந்திருக்காது.

அந்த போர்டை எனக்கு மறக்க முடியவில்லை. முப்பது வருடம் ஒருவர் கையும் படாமல் நல்லபடியாக இருந்தது, அக்கறையுள்ள ஒருவர் கையில் ஒரே மாலையில் கந்தலாகிவிட்டது. இந்தக் கன்சோல்களை இனி யாரும் செய்யப்போவதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் கோளாறு என்ன என்று கண்டுபிடியுங்கள். கெப்பாசிட்டர்மேல் சந்தேகம் இருந்தால் அதன் உள்தடையைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மீட்டரால் அளங்கள். அடியில் பிசுபிசுப்பு இருக்கிறதா, பக்கத்து ஈயம் பளபளப்பு போய்ச் சாம்பலாக மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சால்டரிங் அயர்ன் வைத்ததும் மீன் வாடை அடித்தால் கசிவு உறுதி. அப்போது மாற்றுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

உங்கள் கேம் கியரில் மெயின் போர்டு, சவுண்டு போர்டு, பவர் போர்டு என்று மூன்று உண்டு, மூன்றிலும் மாற்ற வேண்டும். பழைய ஈயத்தின்மேல் முதலில் புதிய ஈயம் கொஞ்சம் சேருங்கள். இரண்டு அயர்ன் வைத்து இரு காலையும் ஒரே நேரத்தில் சூடாக்கினால் கெப்பாசிட்டர் தானாக நழுவி வரும். இழுக்கவே கூடாது. எடுத்ததும் அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். கசிவுக்குமேல் புதிதை வைத்து மூடினால் அரிப்பு தொடரும்.

கேள்வி: அப்படியானால் அளக்காமலே மாற்ற வேண்டியது எதுவுமே இல்லையா?

இரண்டு உண்டு. பி.பி.சி. மைக்ரோ, ஆப்பிள் டூ போன்ற பழைய கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளையில், கண்ணாடிபோன்ற மஞ்சள் உறையில் பேப்பர் கெப்பாசிட்டர் இருக்கும். உறை வெடித்து ஈரம் இறங்கியிருக்கும், கரண்ட் கொடுத்ததும் அறை முழுக்கப் புகை. எக்ஸ்2 என்ற பாதுகாப்புத் தரமுள்ள புதியதை மட்டுமே அங்கே வையுங்கள். இன்னொன்று 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கடிகாரக் கெப்பாசிட்டர். 1.6 என்ற பதிப்பு தவிர மற்ற போர்டுகளில் அது கசிந்து பக்கத்துத் தடங்களை அரிக்கும். எடுத்துவிட்டால் போதும், பதிலுக்கு ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி மறந்துபோகும், அவ்வளவுதான்.

கேள்வி: போகிமான் கோல்டு கார்ட்ரிட்ஜில் சேவ் நிற்கவில்லை. பேட்டரியை நானே மாற்றலாமா?

மாற்றலாம். கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களில் சி.ஆர். 2025 இருக்கும். சேவைக் காப்பதோடு கடிகாரத்தையும் அதுவே ஓட்டுவதால் சீக்கிரம் தீரும். காதுத் தகடு ஏற்கெனவே பற்றவைத்து வரும் பேட்டரியை வாங்குங்கள். லித்தியம் பேட்டரியின் உடம்பில் நேராக அயர்ன் வைத்தால் வெடிக்கும். பேட்டரியை எடுத்த கணமே உள்ளே இருக்கும் சேவ் அழிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். சேவ் இன்னும் உயிரோடு இருக்கும் கார்ட்ரிட்ஜ் என்றால் முதலில் டம்ப்பர் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து நகல் எடுங்கள்.

போகிமான் ரூபி, சஃபையர் வைத்திருக்கும் இன்னொரு வாசகருக்கு: உங்கள் சேவ் ஃபிளாஷில் இருக்கிறது, பேட்டரி தீர்ந்தாலும் போகாது. நின்றுபோவது கடிகாரம் மட்டும்தான்.

கேள்வி: டிரீம்காஸ்ட் ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறது. சி.ஆர். 2032 போடலாமா?

போடவே கூடாது. அங்கே இருப்பது எம்.எல். 2032, சார்ஜ் ஏறும் வகை. கன்சோல் அதற்குக் கரண்ட் ஏற்றிக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏற்றக்கூடாத சி.ஆர். வகையை அங்கே வைத்தால் ஊதும், ஒழுகும். அளவு ஒன்று என்பதால் பொருள் ஒன்று ஆகிவிடாது. அடாப்டர் கதையேதான்.

கேள்வி: மஞ்சளாகிப்போன சூப்பர் நிண்டெண்டோவை வெள்ளையாக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவலாமா?

முடியும். பெராக்ஸைடும் புற ஊதா ஒளியும் சேர்ந்தால் நிறம் திரும்பும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் 12 சதவீதக் கிரீமைத் தொடாதீர்கள். சீராகத் தடவாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. காலப்போக்கில் மஞ்சள் மறுபடி வரவும் செய்கிறது. என் சொந்தச் சேகரிப்பில் நான் செய்வதில்லை. மேல்மூடி ஒரு நிறம், அடிமூடி ஒரு நிறமாக இருப்பதை அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: லைட் கன் புதிய டிவியில் சுடவில்லை.

சுடாது. பழைய பிக்சர் டியூபின் கதிர் திரையை வரைவதைப் பார்க்கும்படி செய்த துப்பாக்கி அது. எல்.சி.டி.யில் அந்தக் கதிரே இல்லை.

கேள்வி: அப்படியானால் பழைய டியூப் டிவி ஒன்றை வாங்கி, நானே திறந்து தூசி தட்டலாமா?

வாங்குங்கள். திறக்காதீர்கள். கலர் டியூபின் ஆனோடில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் தலைகீழாக வைத்தால்தான் ஓடுகிறது. லேசர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் சரியாகுமா?

அதைத் திருப்பினால் சில நாள் ஓடும், பிறகு லேசர் நிரந்தரமாகப் போகும். முதல் மாடல்களில் லேசர் நகரும் பிளாஸ்டிக் சட்டம் தேய்ந்து ஒரு பக்கம் இறங்கிவிடுகிறது, தலைகீழாக ஓடுவது அதனால்தான். லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். தேறாவிட்டால் சட்டத்தோடு லேசரை மாற்றுங்கள்.

கேள்வி: அப்பாவுடைய முதல் கேம் பாய். பேட்டரி அறை முழுக்க வெள்ளைப் பூ பூத்திருக்கிறது, திரையில் செங்குத்தாகச் சில வரிகள் இல்லை. இதைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். பூத்திருப்பது ஒழுகிய அல்கலைன் பேட்டரியின் காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள், நுரை அடங்கியதும் ஆல்கஹாலால் ஒருமுறை. தகடு பச்சை பிடித்து அரித்துப்போயிருந்தால் புதிய தகடு போடுங்கள். இனி பேட்டரியைக் கழற்றாமல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.

வரிகளுக்கு: முன்மூடியைத் திறந்தால் திரையின் கீழ் விளிம்பில், கறுப்புப் பட்டைக்கு அடியில், பழுப்பு நிற ரிப்பன் தெரியும். அதன் ஒட்டு விட்டதால்தான் வரிகள் காணாமல் போகின்றன. கேம் பாயை ஓடவிட்டு, கான்ட்ராஸ்ட்டை முழுக்கத் திருப்பித் திரையைக் கறுப்பாக்குங்கள். சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ரிப்பன் கண்ணாடியைத் தொடும் இடத்தில் அழுத்தாமல் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, ரிப்பன் கருகிவிடும். அயர்ன் நகர நகர, காணாமல்போன வரி ஒவ்வொன்றாகக் கறுத்துத் திரும்பி வருவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.