வாக்குரிமை இருந்தும் சிலர் வாக்களிக்காமல் இருப்பது ஏன்?

வாக்குரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, தேர்தல் நாளன்று வேண்டுமென்றே வீட்டில் இருந்துவிடுகிறவர்களைப் பற்றிய கேள்வி இது. ஒரு பொதுத் தேர்தலில் நானும் அப்படி இருந்திருக்கிறேன் என்பதால் எனக்கும் இதில் சொல்வதற்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் என்னைவிட என் பெரியப்பாவின் கதையே இந்தக் கேள்விக்கு நெருக்கமானது.

அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. கேட்டால், "எவன் வந்தா நமக்கு என்னப்பா, எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்" என்பார். நாள்தோறும் இரண்டு செய்தித்தாள்களை வரி விடாமல் படிக்கிறவர் அவர் என்பதால், வீட்டில் எல்லோரும் அதை அவருடைய கொள்கை என்றே எடுத்துக்கொண்டோம். உண்மையைப் பல ஆண்டுகள் கழித்துப் பெரியம்மாதான் சொன்னார். ஒரு தேர்தலில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போயிருக்கிறார். வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தந்தையின் பெயர் தவறாக அச்சாகியிருந்திருக்கிறது. மேசையில் இருந்த அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பேனாவின் நுனியால் அந்த வரியைத் தட்டி, "இது நீங்க இல்ல, தள்ளி நில்லுங்க" என்று சொல்ல, பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சிரிப்பை வெளியே சொல்ல முடியாதவர், குட்டையையும் மட்டையையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதனால்தான், வாக்களிக்காதவர் சொல்லும் காரணத்தை நான் உடனே உண்மைக் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பொய் சொல்கிறார்கள் என்பது என் வாதமல்ல. நேர்ந்த காரணம் சிறியதாகவோ கூச்சம் தருவதாகவோ இருக்கும்போது, மனிதர்கள் அதற்குப் பதிலாகக் கௌரவமான ஒன்றைச் சொல்லப் பழகிவிடுகிறார்கள், பிறகு அதைத் தாங்களே நம்பியும் விடுகிறார்கள். தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகளில், உண்மையில் வாக்களித்தவர்களைவிட வாக்களித்ததாகச் சொல்கிறவர்களின் விகிதம் அதிகமாக இருப்பது பல நாடுகளிலும் தெரிந்த விஷயம். வாக்களிக்காததே வெட்கத்துக்குரியதாக இருக்கும்போது அதற்கான காரணமும் கொஞ்சம் ஒப்பனையோடுதான் வரும்.

படித்தவர்கள் அடிக்கடி முன்வைக்கும் காரணம் கணக்கு. அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1957-இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்: லட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் தேர்தலில் ஒரே வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, போய் நின்று வருவதற்கான நேரமும் அலைச்சலுமோ உறுதியானவை, எனவே தன் நலனை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் வீட்டிலேயே இருப்பார். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றதை இதற்கு மறுப்பாகச் சொல்வார்கள். அது அரிதாக நடந்ததால்தான் இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆகவே கணக்கை அது அசைப்பதில்லை. அந்தக் கணக்கின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அது சரியென்றால் யாருமே வாக்களிக்கப் போகக் கூடாது, ஆனால் கோடிக்கணக்கானோர் போகிறார்கள். கணக்குப் போட்டு வீட்டில் இருந்தேன் என்று சொன்ன ஒருவரையும், அந்தக் கணக்கு முடிந்த பிறகு முடிவெடுத்தவராக நான் கண்டதில்லை.

கொள்கைக்காக ஒதுங்குகிறவர்கள் உண்டு, குறைவு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அரசியலில் நடுநிலை என்ற சமய நம்பிக்கையால் விலகி நிற்கிறார்கள். கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ் 1956 அமெரிக்க அதிபர் தேர்தலில், இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இடையே தமக்கு வேறுபாடு தெரியவில்லை என்று காரணம் காட்டி, வாக்களிக்கப் போவதில்லை என வெளிப்படையாக எழுதினார். அவர் எழுதியதால்தான் அது எதிர்ப்பு என்று நமக்குத் தெரிகிறது. நிறைவினால் வாக்களிக்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சுவிட்சர்லாந்தின் நாடாளுமன்றத் தேர்தல்களில் 1979 முதல் வாக்குப்பதிவு 50 சதவீதத்தைத் தொடவில்லை. பெரிய கட்சிகள் ஆட்சியைப் பகிர்ந்துகொள்வதும், ஆண்டுக்குப் பலமுறை பொதுவாக்கெடுப்பு நடப்பதும் அங்கே வழக்கமாக இருப்பதால், இந்த ஒரு தேர்தலைத் தவறவிட்டால் பெரிதாக எதுவும் போய்விடாது என்ற எண்ணம் அங்கே இயல்பானது.

என் கதை கோபம். வேட்பாளர்கள் எவரும் பிடிக்கவில்லை, அந்த வெறுப்பைக் காட்டுவதற்காகவே போகவில்லை. மாலையில் வாக்குப்பதிவு சதவீதம் அறிவிக்கப்பட்டதும், என் எதிர்ப்பு அந்த எண்ணுக்குள் எங்கே இருக்கிறது என்று தேடினேன். வராதவர்கள் என்ற அந்த மீதியில் காய்ச்சலில் படுத்திருந்தவரும், வேலையிடத்தில் விடுப்புக் கிடைக்காதவரும், வேறு ஊருக்குக் குடிபோயும் பழைய பட்டியலிலேயே பெயர் இருந்தவரும், இறந்துபோய் இன்னும் நீக்கப்படாதவரும் இருந்தார்கள்; நான் அவர்களுக்கு நடுவில் ஓர் அரை மனிதராகக்கூடத் தனித்துத் தெரியவில்லை. இறந்தவர்களோடு சேர்ந்து போராடியிருக்கிறேன் என்று பிறகு நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன், அப்போது அது சிரிக்கும்படி இல்லை.

இந்தியத் தேர்தல் நடத்தை விதிகள், 1961-இல் 49-ஓ என்று ஒரு விதி உண்டு. வாக்குச்சாவடிக்கு வந்து பதிவேட்டில் கையொப்பமிட்ட பின் வாக்களிக்க விரும்பாதவரின் முடிவை, தலைமை அலுவலர் அந்தப் பதிவேட்டிலேயே குறிப்பாக எழுதி, அதன் நேரே அவருடைய கையொப்பத்தையோ கைரேகையையோ வாங்க வேண்டும். மறுப்பு பதிவாகும், ஆனால் அறையில் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் அத்தனை பேருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இது வாக்கின் ரகசியத்தைக் குலைக்கிறது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே இயந்திரத்தில், எந்த வேட்பாளரும் வேண்டாம் என்று பதிவுசெய்யும் நோட்டா பொத்தான் வந்தது. நோட்டா அதிக வாக்குகள் பெற்றாலும், வேட்பாளர்களில் முதலில் நிற்பவரே வென்றவர் என்பதால் பலருக்கு அதில் மதிப்பில்லை. எனக்கு இருக்கிறது, குறைந்தபட்சம் இறந்தவர்கள் அதை அழுத்துவதில்லை.

கட்டாயப்படுத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியா கையருகே இருக்கும் எடுத்துக்காட்டு. 1922 தேர்தலில் 60 சதவீதத்துக்கும் குறைவானோரே வந்தார்கள். 1924-இல் சட்டம் வந்தது. 1925-இல் வாக்குப்பதிவு 91 சதவீதத்தைத் தாண்டியது. அபராதம் பெரிய தொகை அல்ல. அதற்கு முன்பு வராதிருந்தவர்கள் எல்லாம் ஆழ்ந்த கொள்கை கொண்டவர்களாக இருந்திருந்தால், ஒரு சிறு அபராதத்துக்கு இத்தனை பேர் எழுந்து வந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலானோருக்குத் தேவைப்பட்டது ஒரு தூண்டல் மட்டுமே.

அந்தத் தூண்டல் தண்டனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று அரசியல் ஆய்வாளர்கள், தேர்தலுக்கு முன் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பி ஒரு சோதனை செய்தார்கள். கடிதமே அனுப்பப்படாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். முந்தைய தேர்தல்களில் நீங்களும் உங்கள் அண்டை வீட்டாரும் வாக்களித்தீர்களா என்ற பட்டியலையும், தேர்தல் முடிந்ததும் புதிய பட்டியல் அனுப்பப்படும் என்ற குறிப்பையும் பெற்ற வீடுகளில் அது 37.8 சதவீதம். அந்தக் கடிதம் எனக்கு வந்திருந்தால் எரிச்சல்தான் பட்டிருப்பேன், ஆனாலும் போயிருப்பேன். வாக்களிக்காதவர்களில் பெரும்பகுதியினர் யாரும் கூப்பிடாதவர்கள், அல்லது போன இடத்தில் வேண்டாதவராக நடத்தப்பட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பெரியப்பா பிறகு வாக்களித்தார். பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாக வந்த ஒரு பெண் ஊழியர், அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, தந்தையின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதி, இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த தேர்தலன்று காலை ஏழு மணிக்கே அவர் வரிசையில் நின்றார். விரலில் மையோடு திரும்பி வந்தவரிடம், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "யாருக்குப் போட்டா என்னப்பா, எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்" என்றார்.