‘ஔவை’ என்று மகளுக்குப் பெயர் வைக்கலாமா? அந்தப் பெயரில் நிஜமாகவே யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறேன். 42 வருடங்களாக.

பெண் பிறந்திருக்கிறாள், ஔவை என்று பெயர் வைக்க ஆசை, ஆனால் ‘கிழவி பெயர், பள்ளிக்கூடத்தில் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்’ என்று வீட்டில் தடுக்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். வீட்டார் சொல்வதில் பாதி உண்மை. கேலி செய்வார்கள். எனக்கு அது ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது. அம்மா, ஆடு, இலை, ஈ என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பாடம் ‘ஔ’வுக்கு வந்ததும் வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. புத்தகத்தில் நரைத்த தலை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல், வளைந்த முதுகு, பொக்கை வாய். எனக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஜாடை இல்லை என்று மறுக்கவும் வழியில்லை.

நெல்லிக்காய் வரும் மாதங்கள் இன்னும் மோசம். பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிற அம்மாளிடம் நான் போய் நின்றாலே போதும், “தின்னு பாட்டி, உனக்குச் சாவே கிடையாது” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ஏழாம் வகுப்போடு எல்லாம் ஓய்ந்தது. என் வகுப்பில் மகேஸ்வரிகள் மூன்று பேர். அவர்களைக் குள்ள மகேஸ்வரி, கண்ணாடி மகேஸ்வரி, பென்னாகரம் மகேஸ்வரி என்று பிரித்துக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த அடைமொழித் தொல்லை மட்டும் கடைசிவரை இல்லை.

அப்பா புலவர் அல்ல. தருமபுரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதியவர். எங்கள் ஊரின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். சேலம் போகிற சாலையில் அதியமான்கோட்டை இருக்கிறது. ஊருக்குள் ஆண்பிள்ளைகளின் அரசுப் பள்ளிக்கு அதியமான் பெயர், பெண்பிள்ளைகளின் அரசுப் பள்ளிக்கு அவ்வையார் பெயர். பையன்களுக்கு அதியமான் என்று வைக்கத் தயங்காதவர்கள் பெண்ணுக்கு ஔவை என்று வைப்பதில்லை. “கனியைக் கொடுத்தவன் பெயர் வேண்டுமாம், வாங்கித் தின்றவள் பெயர் வேண்டாமாம். இது என்ன நியாயம்?” என்பது அப்பாவின் கட்சி. அம்மா ரேவதி என்று வைக்கச் சொன்னார். ராசி எழுத்துக்குக்கூட அதுதான் பொருந்தியதாம். தோற்றுப்போனார்.

உங்கள் வீட்டாரிடம் பேசுவதற்கு முன் அந்தப் பாடப்புத்தகப் படத்தை மனதிலிருந்து கழற்றிவிடுங்கள். ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அதியமானோடு பழகியவர் சங்க காலத்தவர். ஆத்திசூடி, கொன்றை வேந்தன் பாடியவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவர். கோலூன்றிய பாட்டி இந்தப் பின்னவரைச் சுற்றி வளர்ந்த கதைகளிலிருந்து வந்தவள். கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டாள் என்பார்களே, அந்தக் கதை. நாவல் மரத்தடியில் முருகனிடம் ‘சுட்ட பழம்’ கேட்டு ஏமாந்ததும் அந்தப் பாட்டிதான். கதை நன்றாகத்தான் இருக்கிறது. அதற்காக எங்கள் ஊர்க்காரியின் தலையில் நரையை ஏற்ற வேண்டுமா?

எங்கள் ஊர்க்காரி எப்படி இருந்தாள் என்பதற்கு அவள் பாட்டிலேயே சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 89ஆம் பாடலில் ஒரு பகையரசன் அவளைப் பார்த்து, உங்கள் நாட்டில் போர் செய்கிறவர்களும் உண்டா என்று கேட்கிறான். எப்படி விளித்துக் கேட்கிறான்? ‘மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி’ என்று. மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி. தடியூன்றி வந்த பாட்டியை எந்த அரசனும் அப்படிக் கூப்பிட மாட்டான். அவள் சொன்ன பதிலோ அதைவிட அழகு. அடிக்கிற கோலுக்கு அஞ்சாத பாம்பு மாதிரி இளம் வீரர்கள் இருக்கிறார்கள். அதோடு, மன்றத்தில் தொங்குகிற முரசில் காற்று மோதி ஒலித்தாலே ‘போர் வந்துவிட்டது’ என்று துள்ளி எழுகிற என் தலைவனும் இருக்கிறான் என்கிறாள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 206ஆம் பாட்டு. அதியமான் பரிசில் தராமல் நாளைக் கடத்துகிறான். வாயில்காவலனைக் கூப்பிட்டு, உன் அரசன் தன்னை அறியாதவனா, இல்லை என்னை அறியாதவனா என்று கேட்கிறாள். கருவிகளை மூட்டை கட்டிவிட்டோம், மழுவோடு காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைக்கு மரத்துக்கா பஞ்சம், அதுபோலத்தான் எங்களுக்கு உலகம், ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்று முடிக்கிறாள். முதல் வேலையில் சம்பளத்தை மூன்று மாதம் இழுத்தடித்தபோது இந்த ஒரு வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். நான்காம் மாதம் வேறு இடத்துக்குப் போனேன். அந்தத் திசையிலும் சோறு இருந்தது.

அவள் பெயரில் இருக்கும் சங்கப் பாடல்கள் 59. புறத்தில் மட்டும் 33. மீதி காதல் பாட்டுகள். குறுந்தொகை 28ஐத் தேடிப் படியுங்கள். காதல் நோயில் தவிக்கிற ஒருத்தி, தன் வேதனை தெரியாமல் உறங்கும் ஊரைப் பார்த்து, முட்டுவேனா, தாக்குவேனா, ஓவென்று கத்துவேனா என்று நிற்கிறாள். ‘அறம் செய விரும்பு’ சொன்ன பாட்டிக்கும் இவளுக்கும் பெயர் மட்டும்தான் பொது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டுபிடித்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. அவன் கல்லில் நின்றான், இவள் ஓலையில் நின்றாள்.

அது பெயரா, பட்டமா என்பது இன்னொரு விவகாரம். அகராதியில் ஔவைக்குத் தாய், மூதாட்டி, தவம் செய்யும் பெண் என்றெல்லாம் பொருள் போட்டிருக்கும். அகராதி பார்க்காமலே இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் பக்கம் வர வேண்டும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கன்னடமும் தெலுங்கும் தமிழோடு ஒரே திண்ணையில் உட்காரும் பகுதி. தெலுங்கு வீடுகளில் அவ்வா என்றால் பாட்டி. கன்னடத்தில் அவ்வா என்றால் தாய்.

கல்லூரித் தோழி ஒருத்தியின் வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். முதல்முறை போனபோது அவள் அடுப்படியில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை களிக்கோலில், இன்னொரு கை பானை விளிம்பில், பானை ஆடுகிறது. “அவ்வா, கொஞ்சம் பிடியேன்” என்று கத்தினாள். நான் ஓடினேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவள் பாட்டி உரலோடு எழுந்து வந்தார். மோர் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள், தன் மகள்தான் கூப்பிடுகிறாள் என்று கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு குரலுக்கு மூன்று பேர். களி அதற்குள் அடிப்பிடித்துவிட்டது. பாட்டி என் பெயரைக் கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. “உன் பெயரே அதுவா? இந்த வயதிலேயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து என்னைச் ‘சின்ன அவ்வா’ ஆக்கிக்கொண்டார். சாப்பாட்டுக்கு முதல் உருண்டை எனக்குத்தான் வந்தது. அடிப்பிடித்த வாசனையோடு.

இந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும் இடங்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெண்கள் வைத்துக்கொள்ளத் தயங்குகிற இதை ஆண்கள் கூச்சமில்லாமல் சுமந்திருக்கிறார்கள். நாடக மேதை டி.கே. சண்முகம் ஔவையாராக வேடம் கட்டி நடித்துப் புகழ் பெற்றதால் ‘அவ்வை சண்முகம்’ ஆனார். சென்னையின் லாயிட்ஸ் சாலை பின்னால் அவ்வை சண்முகம் சாலை ஆனது. அந்தப் பெயரைத் திருப்பிப் போட்டு 1996இல் ‘அவ்வை சண்முகி’ என்று ஒரு படம் வந்தது; அதிலும் மாமி வேடம் கட்டியவர் ஆண்தான். சங்க இலக்கிய உரையாசிரியர் ஔவை துரைசாமிப் பிள்ளைக்கு அந்த முன்னொட்டு, திண்டிவனம் பக்கத்து ஔவையார்குப்பம் என்ற சொந்த ஊரிலிருந்து வந்தது. அவர் மகன் ஔவை நடராசன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். ஆக, ‘ஔவை பேசுகிறார்’ என்று நோட்டீசில் போட்டால் மேடைக்கு மீசையோடு ஒருவர் வருவதுதான் தமிழ்நாட்டு வழக்கம். ஒரு பட்டிமன்றத்தில் நடுவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு “ஔவை ஐயா வந்துவிட்டாரா?” என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

பெண்களுக்காகவும் பெயர் நின்றிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் ஆதரவற்ற பெண்களுக்காகத் தொடங்கிய இல்லம் அவ்வை இல்லம். 1953இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடி நடித்தார். காரைக்காலில் அரசு மகளிர் கல்லூரி, மெரினாவில் சிலை, மகளிர் தினத்தன்று தமிழக அரசு தரும் விருது. வெள்ளிக் கோளில் விண்கல் மோதிய பள்ளங்களுக்குப் பெண்களின் பெயரைத்தான் வைக்கிறார்கள். அங்கேயும் ஒரு பள்ளம் எங்கள் ஆளின் பெயரில் இருக்கிறது. கோள் வரைக்கும் போன பெயர் ரேஷன் கார்டுக்குள் போக எவ்வளவு பாடு பட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் இருந்து வந்த ஒரு சக ஊழியர் மூலம்தான் ஔவை நோன்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. தெற்கே ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமைகளில், ஆண்கள் தூங்கிய பிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடிப் பச்சரிசி மாவில் உப்பில்லாத கொழுக்கட்டை செய்து கும்பிட்டு, கதை சொல்லி, விடியுமுன் தின்று முடித்துவிடுவார்கள். சின்னப் பையன்கள்கூடக் கண்ணால் பார்க்கக் கூடாது. “என்ன கதை சொல்வீர்கள்?” என்று கேட்டேன். “உன் பெயர் ஔவையாகவே இருந்தாலும் வந்து உட்கார்ந்தால்தான் சொல்வேன்” என்றுவிட்டார். இன்னும் போக வாய்க்கவில்லை. எங்கள் பக்கம் இந்த வழக்கத்தை நான் கண்டதில்லை.

இப்போது உங்களுக்கு உண்மையில் வரப்போகிற தொல்லைக்கு வருகிறேன். கேலி அல்ல, எழுத்து. பெயரை ஔவை என்றும் எழுதலாம், அவ்வை என்றும் எழுதலாம், இரண்டும் தவறில்லை. ‘அ’வும் ‘வ்’வும் சேர்ந்தால் ‘ஔ’ போல ஒலிக்கும் என்பதை நன்னூலே ஒத்துக்கொள்கிறது. பெரியார் ‘ஐ’யையும் ‘ஔ’வையும் விட்டுவிட்டு ‘அய்’, ‘அவ்’ என்றே எழுதலாம் என்றார். 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் இந்த இரண்டும் தப்பித்துக்கொண்டன. அதனால் நான் இன்னும் ‘ஔ’வோடு இருக்கிறேன்.

சிக்கல் மூன்றாவது வடிவத்தில். கணினியில் ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தைத் தேடிப் பிடிக்கப் பொறுமையில்லாதவர்கள் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அது ‘ஒ-ள-வை’. தேடினால் என் பெயர் வராது. என் மதிப்பெண் பட்டியலில் ஔவை, ஆதாரில் அவ்வை, ரேஷன் கார்டில் ஒளவை. ஆங்கில எழுத்தில் ஒரு இடத்தில் இரண்டு ‘வி’, இன்னொரு இடத்தில் ‘ஏ’வுக்குப் பின் ‘யூ’. ஒரு வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது எதிரே இருந்தவர் மூன்றையும் மேஜையில் பரப்பி, “இவர்கள் மூன்று பேரும் ஒரே ஆள் என்று பிரமாணப் பத்திரம் கொண்டுவாருங்கள்” என்றார். ஔவையார் ஒருவரா, பலரா என்று அறிஞர்கள் எவ்வளவோ காலமாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் விஷயத்தில் அதை 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு நோட்டரி தீர்த்துவைத்தார்.

ஆகவே தாராளமாக வையுங்கள். ஆனால் ‘ஔவை’யா ‘அவ்வை’யா என்பதை இன்றைக்கே வீட்டில் முடிவு செய்து, ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றும்போது, தட்டச்சு செய்கிறவரிடம் அந்த முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரே ஒரு முறை அழிக்கச் சொல்லுங்கள். எழுத்து முழுவதும் போனால் சரி. ‘ஒ’ மட்டும் மிஞ்சி நின்றால் அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள்.