யோசனையை கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்துப் பக்க வருமானம் பார்க்க முடியுமா?

கேள்வி: மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். நனைந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டாமல் பிடித்துக்கொள்ளும் உறை ஒன்றை யோசித்து, வீட்டிலேயே மாதிரியும் செய்துவிட்டேன். தொழில் தொடங்க முதலும் இல்லை, நேரமும் இல்லை. இதை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, வாங்க முடியுமா? விஷயத்தைச் சொன்னதும் அவர்களே செய்துகொண்டால் என்ன செய்வது?

பதில்: முடியும். ஆனால் வெறும் யோசனைக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், சட்டமும் அதற்குப் பாதுகாப்பு தராது. அது இயங்கும் விதத்துக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) உண்டு, தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு உண்டு. அந்த உரிமையையும், இது வேலை செய்யும், விற்கும் என்பதற்கான ஆதாரத்தையும்தான் கம்பெனி உங்களிடம் வாங்குகிறது.

வேறு எதையும் தொடங்குமுன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஊழியர் கண்டுபிடிப்பது நிறுவனத்துக்கே சொந்தம் என்ற ஷரத்து பலவற்றில் இருக்கும். அது எவ்வளவு தூரம் பாயும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். எப்படியானாலும் அலுவலக லேப்டாப்பில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் என்ற இரண்டு காப்புரிமைத் தேடல் தளங்களிலும் தேடுங்கள், இரண்டும் இலவசம். குடை உறைகள் ஏற்கெனவே நிறைய வரும். மனம் தளர வேண்டாம். அவற்றில் இல்லாத எது உங்களுடையதில் இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

அவர்களே செய்துகொள்வார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் கேட்டால் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் முதல் சந்திப்பில் கையெழுத்திட மாட்டா. அவர்களுடைய யோசனைப் படிவத்திலேயே 'நீங்கள் அனுப்புவது ரகசியமாகக் கருதப்படாது' என்ற வரி இருக்கலாம், படிக்காமல் சம்மதம் கொடுக்காதீர்கள். காப்புரிமை விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டுப் பேசுவதே வழி. இந்தியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் கிடைக்கும். கம்பெனிகளைத் தேடிப் போக வேண்டிய காலம் அதுதான். பதிவதற்கு முன் வீடியோவைப் பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பாவில் அதுவே காப்புரிமையைக் கெடுத்துவிடும்.

யாரிடம் போவது? குடையும் மழைக்காலப் பொருட்களும் ஏற்கெனவே விற்கும் நடுத்தர கம்பெனிகள்தான் உங்களுக்குச் சரி. நீளமான கடிதம் வேண்டாம். ஒரு பக்கத் தாளும், ஒரு நிமிடத்துக்குள் முடியும் வீடியோவும் போதும்: சொட்டச் சொட்ட நனைந்த குடை உறைக்குள் போகிறது, ஒரே கையால் மூடுகிறீர்கள், தலைகீழாகப் பிடிக்கிறீர்கள், தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒன்று செய்ய என்ன செலவாகும் என்று கட்டாயம் கேட்பார்கள். உற்பத்தியாளரிடம் தோராய விலை வாங்கி வைத்திருங்கள்.

இனி பணம். நுகர்வோர் பொருட்களுக்கு ராயல்டி பெரும்பாலும் மொத்த விற்பனை விலையில் 3 முதல் 7 சதவீதம். கடையில் 100க்கு விற்கும் பொருளை கம்பெனி 50க்குக் கடைக்குக் கொடுத்தால், 5 சதவீதத்தில் உங்கள் கைக்கு வருவது 2.50. அதற்கும் முன்னால், ராயல்டியைக் கணக்கிடும் 'நிகர விற்பனை' என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் என்ன விளக்கம் தருகிறது என்று பாருங்கள். திரும்பி வந்த சரக்கைக் கழிக்கட்டும், சரி. விளம்பரச் செலவையும் கழிக்க விட்டால் 2.50 எங்கே போனது என்றே தெரியாது.

சதவீதத்தைவிட முக்கியம் குறைந்தபட்ச ஆண்டுத் தொகை. கம்பெனி தனக்கு மட்டுமேயான உரிமையை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டால் நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு, தவறினால் உரிமை திரும்ப எனக்கே என்று எழுதி வாங்குங்கள்.

கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையையும் விடாதீர்கள். 'சூப்பர் சோக்கர்' தண்ணீர்த் துப்பாக்கியைக் கண்டுபிடித்த லானி ஜான்சனுக்கு, ராயல்டி குறைவாகத் தரப்பட்டது தொடர்பான நடுவர் விசாரணையில் 2013ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் சுமார் 7.3 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அவருக்கு யோசனை உதித்தது 1982ல், லைசென்ஸ் அமைந்தது 1989ல். அதனால் இதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

'உங்கள் யோசனையை கம்பெனிகளிடம் சேர்க்கிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று சிலர் தேடி வருவார்கள். லைசென்ஸில் பணம் கம்பெனியிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் 1999ம் ஆண்டுச் சட்டப்படி, தங்கள் மூலம் எத்தனை பேருக்கு லைசென்ஸ் கிடைத்தது, எத்தனை பேர் கட்டியதைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்பதை இவர்கள் எழுத்தில் தர வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள். அந்தப் பணத்தை, ஒப்பந்த வரைவு கைக்கு வந்ததும் அதைப் படித்துப் பார்க்கும் காப்புரிமை வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.