விருந்தினர் ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுப் பிரம்ம கமலச் செடியையே பரிசாகக் கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது?

மாடியில் பூ விரிந்த இரவு விருந்தினரும் கூட இருந்து பார்த்திருக்கிறார், இன்னொரு மொட்டு இருக்கிறது, தொட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செடியைத் தாராளமாகக் கொடுங்கள், தொட்டியோடு மட்டும் வேண்டாம். மொட்டு விட்ட பிரம்ம கமலத்தை மாடியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினாலே வெளிச்சம் மாறி மொட்டு பழுத்துக் கொட்டிவிடும். பஸ்ஸிலோ ரயிலிலோ குலுங்கிப் போனால் சொல்லவே வேண்டாம். வெட்டி உலர்த்திய தண்டுத் துண்டுகள்தான் சரியான பரிசு.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி வளரும் கள்ளி இது. நாம் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு. அதனால்தான் துண்டு துண்டாக வெட்டினாலும் வேர் விடுகிறது.

ஓராண்டாவது முற்றிய, கரும்பச்சையான, கையில் விறைப்பாக நிற்கும் தண்டாகப் பாருங்கள். வெளிர்பச்சை இளங்கொழுந்து மண்ணில் வைத்ததும் அழுகும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிளேடால் 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். வெட்டிய கையோடு ஒவ்வொன்றின் அடிமுனையிலும் ஸ்கெட்ச் பேனாவால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். காய்ந்தபின் எது மேல், எது கீழ் என்று அடையாளம் தெரியாது. தலைகீழாக நட்டால் சரியாக வளராது.

இனி உலர்த்துவது. பெரும்பாலும் துண்டு கெடுவது இந்த இடத்தில்தான். நிழலில் செய்தித்தாள் விரித்து ஒரு வாரம், மழைக்காலமென்றால் பத்து நாள் கிடக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து, விரலால் அழுத்தினால் ஈரம் ஒட்டாத பொருக்காக மாறியிருக்கும். பொருக்குத் தட்டாமல் ஈரமண்ணில் வைத்தால் காயம் வழியே பூஞ்சை ஏறி, அடிமுனை பழுப்பாகிக் கொழகொழத்துப் போகும். ஆகவே கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். நாளைக்கே கிளம்புகிறாரா? அதுவும் பரவாயில்லை. வழியிலும் அவர் வீட்டிலுமாக உலரட்டும், இன்னும் எத்தனை நாள் உலர வேண்டும் என்பதை மட்டும் எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, காலண்டர் வரும் அட்டைக் குழாயில் போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது, உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். காகிதத்தில் சுற்றியது இரண்டு வாரம் தாங்கும்.

கூடவே மண்கலவையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் அவர் எதற்கும் அலைய வேண்டாம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு. ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் அளவு போதும். கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு தடவை ஊறவைத்துப் பிழிந்து காயவைத்தபின் கலக்குங்கள். வெறும் செம்மண் இறுகிப்போய்த் தண்ணீரைத் தேக்கும், அதைக் கொடுக்க வேண்டாம்.

பராமரிப்பைக் கைப்பட எழுதி வையுங்கள். இவ்வளவு போதும்: “அம்புக்குறி கீழே இருக்கட்டும். இரண்டு அங்குலம் மட்டும் புதைத்து, சாயாமல் ஒரு குச்சியில் கட்டுங்கள். முதல் ஐந்து நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். காலை வெயில் இரண்டு மணி நேரம் போதும், உச்சி வெயில் பட்டால் மஞ்சளடிக்கும். நன்றாக வளரும்வரை பிடுங்கிப் பார்க்காதீர்கள்.” அதன் கீழே, சேர்ந்து பூப்பார்த்த இரவின் தேதியையும் எழுதுங்கள். வேர் பிடிக்க மூன்றிலிருந்து ஆறு வாரம், பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடமே பூவை எதிர்பார்த்து உரத்தைக் கொட்டுவார். தழைச்சத்து மிகுந்தால் தண்டுதான் நீளும், மொட்டு வராது.

விருந்தினர் வெளிநாட்டுக்குப் போகிறார் என்றால் துண்டு கொடுக்காதீர்கள். அரிய செடிகளையும் விலங்குகளையும் நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் இருக்கிறது. அந்த ஒப்பந்தப்படியான அனுமதியோடு செடிநலச் சான்றிதழும் கேட்பார்கள். இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும், அவருக்குத்தான் சங்கடம்.

அவருக்கு அந்த இன்னொரு மொட்டு விரிவதைப் படமெடுத்துக் கொடுக்கலாம். தொங்கிக்கொண்டிருந்த மொட்டு கொக்கியாக வளைந்து நிமிர்ந்து, மாலையில் நுனி தளர்ந்தால் அன்று இரவு பூக்கும். போனை ஸ்டாண்டில் அசையாமல் பொருத்தி, ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை அரைமணிக்கு ஒரு படம் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் வெள்ளை இதழ் வெளுத்துப்போய் உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்கள் தெரியாது. வெள்ளை வேட்டித் துணியால் மூடிய டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நல்லதாக ஐந்து படம் எடுத்து பிரிண்ட் போட்டு, கெட்டி அட்டையில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் மணியைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.