தாதி வேலையில் இருந்துகொண்டே வேறு துறைக்குப் படிக்க முடியுமா?

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். மூன்று ஷிப்ட். படித்து வேறு துறைக்குப் போக ஆசை. ஆனால் வீட்டுக்கு வந்தால் புத்தகத்தைத் திறக்கவே தெம்பு இல்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். நான் பினாங்கில் வார்டில் நிற்பவள். மருத்துவக் கருவித் தரக் கட்டுப்பாட்டுக்குப் போக வேண்டும் என்று வேலையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். தெம்பு இல்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் படிக்க உட்காரும் நேரம்தான்.

காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் 9, இரவு 9 முதல் 7. எந்த ஷிப்டாக இருந்தாலும் முடித்துவிட்டு வந்து படிக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நைட்டுக்கு முன் தூங்கி மதியம் 2 மணிக்கு எழுந்தீர்கள் என்றால், காலையில் அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் பாஸ் ஓவர் முடிக்கும்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். 17 மணி நேரம் தூங்காதவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வந்தது. 2020 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மது வரம்பும் அதேதான். அந்த நிலையில் காடி எடுப்பதே ஆபத்து, பாடம் எங்கே ஏறும்? நைட் முடிந்தால் தூங்குங்கள். அன்று படிக்கவில்லையே என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மதிய ஷிப்ட் நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் பசியாறியதும் போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், வேலைக்குக் கிளம்புவதற்குள் இரண்டு மணி நேரம் நல்ல மூளையோடு கிடைக்கும். எனக்கு ஓடும் படிப்பெல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடுகிறது. மாத ரோஸ்டர், அதாவது ஷிப்ட் அட்டவணை, கைக்கு வந்ததும் முதலில் அந்த நாட்களைத்தான் வட்டம் போடுவேன்.

ரோஸ்டர் போடும் சிஸ்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். “ஹரி ராயாவுக்கு நான் நிக்கிறேன் சிஸ்டர், பரீட்சை வாரத்துல மட்டும் நைட் வேணாம்” என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். வீட்டில்தான் கஷ்டம். ஓய்வு நாள் என்றால் கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் போக முடியாது என்று அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கே நாளாயிற்று.

வேலையை விடாதீர்கள் என்பதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. வார்டில் இருக்கும்போதே புதிய வேலைக்கான அனுபவத்தைச் சேர்க்கலாம். வயதான பாட்டியின் கையில் பிரனுலா, அதாவது மருந்து ஏற்றும் ஊசிக்குழாய், போடுகிறோம். நரம்பு உருண்டு விலகுகிறது, பின்னால் ரத்தம் தெரிகிறது, ஆனால் குழாய் உள்ளே வழுக்கவில்லை. ஊசி சரியில்லையா, கோணம் சரியில்லையா என்று விரலுக்குத் தெரியும். இதே பொருளை இங்கே பாயான் லெபாஸ் தொழிற்சாலைகளில் செய்கிறார்கள். பழுதான கருவிக்கு நாம் எழுதும் புகார் போய்ச் சேர்வது அங்குள்ள தரப் பிரிவுக்கு. மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 தரநிலையைப் படித்தபோது, அதில் புகாரைக் கையாள்வது பற்றிய பகுதி எனக்குப் புதிதாகவே இல்லை. நீங்கள் போக நினைக்கும் துறையிலும் தாதியின் கை எங்கே உதவும் என்று இப்போதே தேடுங்கள்.

படிப்புக்கு உங்கள் பக்கம் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, எங்கள் பக்கம் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இரண்டிலும் வேலையோடு படிக்கலாம். கட்டணத்துக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியின் செஜாதெரா கணக்கிலிருந்து எடுக்க வழி உண்டு. மருத்துவமனை உங்களைப் படிக்கவைத்திருந்தால் பாண்ட், அதாவது கட்டாயமாக வேலை செய்ய வேண்டிய காலம், எப்போது முடிகிறது என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ராஜினாமா நோட்டீஸ் பற்றி அதில் ஒன்றும் இல்லையென்றால் 1955 வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டு சேவைக்கு 8 வாரம். வேலை மாறிய பிறகும் தாதியர் வாரியத்தின் வருடாந்திரச் சான்றிதழைக் காலாவதியாக விடாதீர்கள். அதற்கான தொடர்கல்விப் புள்ளிகளை இப்போதிருந்தே சேர்த்துவாருங்கள்.

எந்தத் துறை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள், கருவித் துறையாக இருந்தால் எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.